வீட்டோடு இருந்த நாட்களில் நேரம் யாருக்குக் கிடைத்தது?



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு வாரம் கழித்து, 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. திங்கட்கிழமை காலையில் எடுத்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அரை மூட்டை மாவும் இரண்டு தேங்காயும் வாங்கி வைத்தவர்கள் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பல மாதங்களுக்கு வரவேயில்லை. இடைக்கிடை திறப்பதும் மூடுவதுமாக, கொரோனா நம்மை ஏறக்குறைய இரண்டு வருசம் ஆட்டி வைத்தது.

இப்போது அந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, வீட்டோடு இருக்க வேண்டிய நாட்கள் இனியும் வரும். நோய் வந்தாலும் வரும், அடைமழையில் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்தாலும் வரும். இரண்டாவது, அந்த நாட்களில் நாம் செய்தவற்றுக்கும் செய்யாமல் விட்டவற்றுக்கும் இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் இந்த இதழின் படிப்புப் பக்கத்தில், வீட்டில் கிடைக்கும் நேரத்தை என்ன செய்வது என்பதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். "வீட்டில் இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்" என்று ரேடியோவும் ரீவியும் காலையிலிருந்து இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தபோது, நமது பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஊரடங்கு நேரத்திலும் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய அனுமதி இருந்தது. கொழும்புத் தேயிலை ஏலம்கூட நீண்ட நாள் நிற்கவில்லை. 2020 ஏப்ரல் மாதத்தில் அது கணினி வழியாக நடக்கும் ஏலமாக மாறியது. கொழுந்து வளர்வதற்கு ஊரடங்குச் சட்டம் தெரியாது அல்லவா?

அப்படியானால் தோட்டத்தில் வீட்டோடு இருந்தது யார்? பாடசாலை இல்லாத பிள்ளைகள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்து, அவை மூடியதும் ஊர் திரும்பிய இளைஞர்கள். வயதானவர்கள். வெளியே கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள். பிறகு, லயத்தில் ஒருவருக்கு நோய் கண்டால் 14 நாள் தனிமைப்படுத்தலில் அடைபட்ட முழு லயமும்.

அந்த நாட்களைப் பற்றிப் பின்னர் நாங்கள் லயம் லயமாகப் போய்ப் பேசியபோது, ஒரு அக்காவிடம் "நேரத்தை எப்படிக் கழிச்சீங்க?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

"எனக்கு எங்க தம்பி நேரம் கெடந்துச்சு? முந்தி நாலு பேருக்கு ஆக்குனேன். கொழும்புலேர்ந்து ரெண்டு பேரு வந்த பொறகு ஆறு பேருக்கு ஆக்குனேன். மலைக்கும் போனேன். அவுங்களுக்குத்தான் நேரம். எனக்கு இருந்ததும் போச்சு."

நாங்கள் கேட்ட கேள்வியே பிழை என்று அப்போதுதான் விளங்கியது. வீட்டில் கிடைக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அது யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கொப்பித் தாள் போதும்

இதைப் படிக்கிறவர்கள் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். இடது பக்கத்தில் காலை 4.30 தொடக்கம் இரவு 10 மணி வரை மணிக்கணக்கை எழுதுங்கள். மேலே வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதுங்கள். அம்மா, அப்பா, அப்பாயி, பெரியவன், சின்னவள் என்று எல்லாரும் வரணும். பிறகு, நேற்று அந்த நேரத்தில் அவரவர் என்ன செய்தார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்புங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

இதை நாங்கள் ஒரு வாசிப்புக் குழுவில் செய்து பார்த்தோம். ஒரு வீட்டில் அம்மாவின் வரிசை முழுதும் நிரம்பிவிட்டது. அடுப்பு, பீலியில் தண்ணீர், ரொட்டி, பெரட்டு, மலை, பகல் கொழுந்து நிறுவை, திரும்ப மலை, விறகு, அடுப்பு, பாத்திரம், உடுப்பு. மகனுடைய வரிசையில் பகல் 10 மணியிலிருந்து 4 மணி வரை "போன்" என்று ஒரே சொல். எழுதிய மகனே அதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. அடுத்த கிழமை தண்ணீர் எடுப்பதும் விறகு கீறுவதும் அவன் வரிசைக்கு மாறின. அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சியது. அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்றார். எங்கள் கணக்கில் அதுவும் நல்ல பயன்தான்.

நமது தோட்டங்களில் நேரம் என்பது காலங்காலமாக இன்னொருவர் கையில் இருந்த சாமான். பெரட்டுக்குத் தப்பு அடித்தால் எழும்பினோம். ஸ்டோர் சங்கு ஊதினால் நடந்தோம். அரை நாள், முழு நாள் என்று 'பேர்' போட்டது கணக்குப்பிள்ளை. நாளைப் பங்கு போட்டுக் கொடுக்க ஆள் இருந்தபடியால், நாமாகப் பங்கு போடுகிற பழக்கம் நமக்குக் குறைவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தப்புச் சத்தம் இல்லாத நாளில் பலருக்குக் காலை எது, பகல் எது என்று இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைத்து வைக்கப்படுவதும் நமக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்த நமது முன்னோர் பலரை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கப்பல் ஏறுவதற்கு முன் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைத்துத்தான் அனுப்பினார்கள். கொலரா, அம்மை, பிளேக் போன்ற நோய்களுக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. 'மண்டபம் கேம்ப்' என்ற சொல் இன்றும் சில முதியவர்களின் வாயில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவரைப் பேச விட்டு ஒரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அவர் போனால் அந்தக் கதையும் போய்விடும்.

பிள்ளைகளின் படிப்பு

கொரோனா காலத்தில் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு கதை வந்தது. 1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிளேக் நோய் பரவி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டதால், ஐசக் நியூட்டன் என்ற மாணவர் தன் கிராமத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருந்த காலத்தில் ஒளியைப் பற்றியும் கணிதத்திலும் பெரிய விசயங்களைக் கண்டுபிடித்தார் என்பது அந்தக் கதை. நடந்ததுதான். ஆனால் நியூட்டனுக்குச் சொந்தப் பண்ணையும், தனியாக இருந்து படிக்க அறையும் இருந்தன. நமது பிள்ளைக்கு இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதில் ஆறு பேர், ஒரு அடுப்பு, ஒரு பல்ப். ஆகவே நியூட்டனைக் காட்டிப் பிள்ளையை ஏசுவதில் பிரயோசனம் இல்லை. நம்மிடம் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்க்கணும்.

ஆசிரியர்கள் பாடங்களை வட்ஸ்அப்பிலும் சூமிலும் அனுப்பினார்கள். பல வீடுகளில் ஒரு போன்தான். அதுவும் வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில். சிக்னல் பிடிக்க மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். டேட்டாவுக்குக் காசு போட முடியாமல் பாதியில் நின்றவர்களும் உண்டு. நேத்ரா தொலைக்காட்சியில் வந்த குரு கெதர பாடங்கள் சிலருக்கு உதவின. ஆனால் அவை தமிழில் எந்த நேரத்துக்கு வருகின்றன என்று குறித்து வைத்த வீடுகள் குறைவு. குறித்து வைத்த வீடுகளில் பிள்ளைகள் கடைசி வரை பார்த்தார்கள்.

எங்கள் மனதை மிகவும் வருத்துவது சின்னப் பிள்ளைகளின் கதை. 2020 ஜனவரியில் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைக்கு முழுதாக இரண்டு மாதப் படிப்புக்கூடக் கிடைக்கவில்லை. 'அ' எழுதிப் பழகும் நேரத்தில் பாடசாலை மூடிவிட்டது. இடையில் சில மாதம் திறந்து, திரும்ப மூடி, கடைசியில் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான் 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் மறுபடி திறந்தன. அதற்குள் அந்தப் பிள்ளை தரம் 2இல் இருந்தது. பிறகு 3, 4 என்று மேலே ஏறியது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமலே ஏறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மக்குப் பிள்ளைகள் அல்ல. சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

நாங்கள் பார்த்த ஒரு லயத்தில் அப்படி நடக்கவில்லை. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை, தன் தம்பியை இஸ்தோப்பில் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினாள். பக்கத்து காம்பராவிலிருந்து இரண்டு பேர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நோய்ப் பயத்தால் நாலு பேருக்கு மேல் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஆள் தள்ளி, வெளிக்காற்றில்தான் இருந்தார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கினால் 10 மணிக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு நிமிசமும் இல்லை.

அவளிடம் பாடப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் வீட்டுச் சாமான். மாவுப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னாள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். சாமான் கட்டி வந்த பத்திரிகைத் துண்டில் 'க' வரும் இடமெல்லாம் வட்டம் போடச் சொன்னாள். கணக்குக்கு அம்மாவின் கொழுந்துத் துண்டு. காலையில் இத்தனை கிலோ, பகல் இத்தனை, பின்னேரம் இத்தனை. கூட்டினால் எவ்வளவு, கழிவு போனால் மிச்சம் எவ்வளவு? இந்தக் கணக்கில் பிள்ளைகளுக்கு நல்ல உற்சாகம். அம்மா வந்ததும் ஓடிப் போய்த் துண்டை வாங்கினார்கள். ஒரு நாள் கூட்டலில் இரண்டு கிலோ குறைந்திருப்பதைப் பிள்ளை கண்டுபிடித்து, மறுநாள் அம்மா கேட்டுத் திருத்தி எடுத்த கதையும் உண்டு.

இதில் நாம் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. படிப்பிக்க உயர்தரம் சித்தி பெற வேண்டியதில்லை. தரம் 9 படிக்கும் பிள்ளை தரம் 2 பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்கும் படிப்பு இறுகும். ஆனால் நேரம் ஒன்றாக இருக்கணும், குறைவாக இருக்கணும், நாள் தவறாமல் நடக்கணும். ஒரே நாளில் நாலு மணித்தியாலம் அடித்துப் படிப்பித்து, அடுத்த ஐந்து நாள் விட்டுவிடுவதால் பிள்ளைக்கு வெறுப்புத்தான் மிஞ்சும்.

வாசிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வது? பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி, அடுப்படியில் இருந்தபடியே கேளுங்கள். "இப்ப என்ன வாசிச்ச? அதை எனக்குக் கதையா சொல்லு" என்று கேளுங்கள். கதையாகச் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளை விளங்காமல் வாசித்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கு எழுத்துத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம், திரும்பி வராத பிள்ளைகள். பாடசாலை மூடியிருந்த காலத்தில் 14, 15 வயதுப் பையன்கள் கடைக்கு வேலைக்குப் போனார்கள். வீட்டில் கஷ்டம், அதை நாம் குறை சொல்லவில்லை. பாடசாலை திறந்ததும் வரலாம் என்றுதான் போனார்கள். கையில் காசு பார்த்த பிறகு வரவில்லை. பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்று, அப்படியே நின்றுவிட்டார்கள். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி. முன்பு 14 வயது வரை என்று இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். அந்த வயதுக்குள் படிப்பை விட்ட பிள்ளையைத் திரும்பச் சேர்க்கும்படி அதிபரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. 16ஐத் தாண்டியவர்களுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. போய் விசாரிக்க வெட்கப்பட வேண்டாம்.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

வீட்டில் அடைபட்ட நாட்களில் செய்யக்கூடிய வேலைகளில் இதைப் போலப் பலன் தருவது வேறு இல்லை என்பது எங்கள் அனுபவம். செலவும் இல்லை. பாதி நாள் போதும். ஆனால் நமது வீடுகளில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

கட்டிலுக்கு அடியில் உள்ள டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறங்கள். உள்ளே இருக்கும் கடதாசிகளை எல்லாம் பாயில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, அடகுத் துண்டு, கிளினிக் கொப்பி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பிரியுங்கள். பிறகு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

இங்கேதான் வில்லங்கம் வெளியே வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். அடையாள அட்டையில் எழுத்து மாறிய பெயர். தோட்டத்துச் செக்ரோலில் கூப்பிடுகிற பெயர். சேமலாப நிதியில் அதையும் சுருக்கிய பெயர். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் இல்லவேயில்லை. ஒரே ஆள் கடதாசியில் நாலு ஆள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது யாரோ தங்களுக்குக் கேட்டபடி எழுதிவிட்டார்கள். நாமும் "சரி, நம்ம பேருதானே" என்று விட்டுவிட்டோம்.

சம்பளம் வாங்கும்போது இதனால் தொல்லை வராது. சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் வரும். பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது ஆனதும் அந்தப் பணத்தை எடுக்கலாம். முப்பது வருசம் மலையில் காய்ந்து சேர்த்த காசு. "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தானா?" என்று கேட்டுக் கடதாசி திரும்பி வரும். அதன் பிறகு பிரதேச செயலகம், சத்தியக்கடதாசி, பஸ் காசு, இழந்த நாட்பேர் என்று அலைச்சல்தான். அலைந்து அலைந்து, காசு கைக்கு வருவதற்கு முன்னாலேயே கண்ணை மூடியவர்களும் நம்மிடையே உண்டு.

ஆகவே பிழையை இன்றைக்கே கண்டுபிடித்து எழுதி வையுங்கள். கிராம உத்தியோகத்தரிடமோ, தோட்டக் காரியாலயத்திலோ, உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடமோ காட்டி, எதை எப்படித் திருத்துவது என்று கேளுங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்குப் போகவேண்டும் என்று சேமலாப நிதியில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கையும் அவர்களிடம் கொடுங்கள். சேமலாப நிதிக்கு நமது சம்பளத்திலிருந்து 100க்கு 8 பிடிக்கிறார்கள். நிர்வாகம் 100க்கு 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மட்டும் 100க்கு 3 போட வேண்டும். அதில் நமது காசு பிடிபடாது. ஒரு மாதத்தில் 20,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். நமது பங்கு 1,600. நிர்வாகத்தின் பங்கு 2,400. இரண்டும் சேர்த்து 4,000. நம்பிக்கை நிதியத்துக்கு 600. சம்பளத் துண்டில் பிடித்த தொகையும், மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றில் விழுந்த தொகையும் ஒத்துப் போகிறதா? ஒத்துப் போகாவிட்டால் எந்த மாதம் என்று குறித்துக்கொண்டு கேளுங்கள். இதைச் செய்ய நமக்குச் சம்பளத் துண்டு வேண்டும். அடுப்புப் பற்றவைக்க அதைக் கிழிக்காதீர்கள்.

தோட்டம் போடுதல்

இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மண்ணைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்பதா? ஒன்று மட்டும். ஊரடங்குக் காலத்தில் லொறி வராமல் மரக்கறி விலை ஏறியபோது, லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி போட்டிருந்தவர்கள் சமாளித்தார்கள். கீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். முள்ளங்கி ஒன்றரை மாதம். போஞ்சி இரண்டு மாதம். எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் பத்து நாளைக்கு ஒரு வரிசையாகப் போட்டால் தொடர்ந்து கிடைக்கும். இடமில்லாதவர்கள் பழைய உரப் பையில் மண் நிரப்பி வல்லாரையும் பொன்னாங்காணியும் வைத்தார்கள். உரப் பையைக் கழுவிவிட்டு மண் போடுங்கள்.

சண்டையும் கசிப்பும்

அந்த நாட்களில் எல்லாமே நல்லதாக நடந்தது என்று எழுதினால் நீங்கள் இந்த இதழைக் கீழே வைத்துவிடுவீர்கள். மதுக்கடை மூடியிருந்தது, ஆனால் கசிப்பு ஓடியது. வேலை இல்லாத ஆண், வருமானம் இல்லாத வீடு, மழை, ஒரே காம்பரா. அடி வாங்கியது பெண்களும் பிள்ளைகளும். வெளியே ஓடிப் போய் நிற்கவும் வழியில்லை. பக்கத்துக் காம்பராவுக்குச் சத்தம் கேட்டும், "அது அவுங்க வீட்டு விசயம்" என்று படுத்துக்கொண்டோம். இதில் நமக்கு எல்லாருக்கும் பங்கு உண்டு. பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. இவற்றைப் பிள்ளைகளின் கொப்பி மட்டையில் எழுதி வையுங்கள். கதவைத் தட்டி "அக்கா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று கேட்பதுகூடச் சில இரவுகளில் கையை ஓங்கியவனை நிறுத்தியிருக்கிறது.

லயத்துக்குள் நோய் வந்தால்

கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவியது. வாயும் மூக்கும் வெளியே விடும் சிறு துளிகளில் கிருமி இருந்தது. அதனால் சன்னல் இல்லாத, புகை அடைத்த காம்பராவில் அது இலேசாகப் பரவியது. இப்படிப்பட்ட நோய் இன்னொன்று வந்தாலும், முதல் வேலை கதவையும் சன்னலையும் திறந்து வைப்பது. குளிர்தான், ஆனாலும் திறங்கள். நோயாளியையும் வயதானவர்களையும் ஒரே மூலையில் படுக்க வைக்காதீர்கள். பொதுக் கக்கூசுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நேரம் பிரித்துக்கொண்ட லயங்களில் சண்டை குறைந்தது. நோய் கண்ட வீட்டுக்காரர் கடைசியாகப் போவது என்று பேசி வைத்தார்கள்.

அந்த 14 நாளும் சாப்பாட்டைப் படியில் வைத்து, தள்ளி நின்று குரல் கொடுத்துவிட்டுப் போன அயலவர்களை அந்தக் குடும்பங்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கின்றன. வீட்டுக்கு முன்னால் நின்று "இவங்களாலதான் வந்துச்சு" என்று சத்தம் போட்டவர்களையும் மறக்கவில்லை. நோயை மறைக்கிற பழக்கம் இந்த ஏச்சுப் பயத்தால்தான் வருகிறது. மறைத்தால் பி.எச்.ஐ. ஐயாவுக்குத் தெரியாது, டிஸ்பென்சரிக்குத் தெரியாது, லயம் முழுக்கப் பரவிவிடும்.

தனிமையில் இருந்தவர்கள் நேரத்தை என்ன செய்தார்கள்? காய்ச்சல் நேரத்தில் ஓய்வு எடுப்பதுதான் வேலை. அதை யாரும் சோம்பல் என்று சொல்லக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு சிலர் கிழிந்த உடுப்பைத் தைத்தார்கள். ஒரு காம்பராவில் அப்பாயி ஒருவர், தன் பெயரை எழுதப் பேத்தியிடம் பழகினார். முதலில் மாவில் விரலால் எழுதினார், பிறகு சிலேட்டில், பிறகு தாளில். ஐந்து எழுத்துப் பெயருக்கு ஒன்பது நாள் எடுத்ததாம். "ன" மட்டும் கடைசி வரை பணியவில்லை என்று பேத்தி சொன்னாள். ஆயுசு முழுக்கக் கைநாட்டு வைத்த கை அது. பிறகு ஒரு நாள் வங்கியில் மை டப்பாவைத் தள்ளினார்களாம். "பேனையைத் தாங்க தம்பி" என்று அப்பாயி கேட்டாராம். அங்கே வரிசையில் நின்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

இந்தப் பாடத்தை வாசிப்புக் குழுவிலோ, இஸ்தோப்பில் நாலு பேர் கூடியோ வாசிப்பவர்கள் கீழே உள்ளவற்றைப் பேசிப் பாருங்கள். விடையைக் கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.

நமது வீட்டில் யாருடைய வரிசை நிரம்பியிருக்கிறது, யாருடைய வரிசை காலியாக இருக்கிறது? எந்த ஒரு வேலையை இந்தக் கிழமையே மாற்றிக்கொள்ளலாம்?

நமது கடதாசிகளில் எத்தனை விதமான பெயர்கள் இருக்கின்றன?

நமது லயத்தில் சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளை யார்? காலையில் ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளையோடு இருக்கக்கூடியவர் யார்?

2020க்கும் 2021க்கும் இடையில் பாடசாலையை விட்டு இன்னும் திரும்பாத பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அந்த வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது, எந்த நாளில் போவது?